சுவரொட்டியில் நின்ற பெண்



சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை வேளை. தாமல் பக்கத்துச் சிற்றூர்களில் வீடு சந்திப்பை முடித்துக்கொண்டு திரும்பிக் கொண்டிருந்தேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் ஒதுங்கினேன். உள்ளே நான்கு வாலிபர்கள் ஒரே கைபேசியின்மீது தலைகளைக் கவிழ்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். அங்கியைக் கண்டதும் கைபேசி சட்டைப் பைக்குள் மறைந்தது. அவர்களில் ஒருவன் நம் பங்கைச் சேர்ந்தவன். "என்ன தம்பி பார்க்கிறாய்?" என்று கேட்டேன். முகம் சிவந்தவனாய், "ஒண்ணுமில்ல சாமி, பழைய மலையாளப் படம்" என்றான். பெயரைக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அவளுடெ ராவுகள்."

எனக்குக் கோபம் வரவில்லை, வியப்புதான் வந்தது. அந்தப் பையன் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே வெளிவந்த படம் அது. அவன் வயதில் நானும் அதன் பெயரைக் கேட்டவன்தான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெயர் என்னைத் துரத்திக்கொண்டே வந்திருக்கிறது. அதைப்பற்றி ஒரு முறையாவது நம் குடும்பங்களோடு மனம்விட்டுப் பேசிவிட வேண்டும் என்று அன்றிரவே தீர்மானித்தேன். குடும்பப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கடைசிவரை படித்துவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும்.

முகத்தைத் திருப்பிக்கொள்!

1980களின் தொடக்கம். மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. டூரிங் டாக்கீஸ் என்போம். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட் என்று கொடுப்பார்கள். புராணப் படங்களும் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களும் ஓடும். இடையிடையே சில நாட்களுக்கு மட்டும் வேறுவிதமான சுவரொட்டிகள் முளைக்கும். அவற்றில் ஒன்றில், ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றை மட்டுமே அணிந்தவளாய் ஓர் இளம் பெண் நின்றுகொண்டிருந்தாள். அந்த இடம் வந்ததும் என் தாயார் என் தலையைப் பற்றி மறுபக்கம் திருப்பிவிடுவார்கள். "முகத்தைத் திருப்பிக்கொள்; இவள்களைப் பார்த்தாலே பாவம்" என்பார்கள்.

தாய் செய்தது தவறென்று சொல்லமாட்டேன். பன்னிரண்டு வயதுப் பையனின் கண்களைக் காப்பது தாயின் கடமை. ஆனால் அந்த நாளில் என் மனத்தில் பதிந்தது என்ன தெரியுமா? சுவரொட்டியை அச்சடித்தவன் கெட்டவன் என்பதல்ல. அதை நம் தெருவில் ஒட்டிக் காசு பார்த்தவன் கெட்டவன் என்பதுமல்ல. அதில் நிற்கும் பெண் கெட்டவள் என்பதே பதிந்தது. இந்தத் தவறான பாடம் பின்னாளில் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

படம் சொன்ன கதை

குருமடத்தில் தத்துவம் பயின்ற நாட்களில், சமூகத் தொடர்புச் சாதனங்களைப்பற்றி வகுப்பெடுத்த தந்தை ஒருவர், "ஒரு படத்தைத் தீர்ப்பிடுமுன் அதன் கதையையும் சுவரொட்டியையும் தனித்தனியே வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றனவா என்று கேளுங்கள்" என்று அறிவுரை கூறினார். அந்த அறிவுரையை இந்தப் படத்துக்குப் பொருத்திப் பார்க்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

"அவளுடெ ராவுகள்", அதாவது அவளுடைய இரவுகள், 1978-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆலப்புழை ஷெரீப் எழுதிய கதை. ஐ. வி. சசி இயக்கினார். புதிய நாயகி ஒருவரை நம்பிச் சிறிய முதலீட்டில் எடுக்கப்பட்ட படம். அந்த நாயகி சீமா. நம் சென்னையில் வளர்ந்தவர், திரைப்படங்களில் குழு நடனம் ஆடிக்கொண்டிருந்தவர். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்ற 'ஏ' சான்றிதழோடு படம் திரைக்கு வந்து பெரும் பணத்தை ஈட்டியது.

கதை என்ன? ராஜி ஓர் அனாதைப் பெண். அவளுக்கென்று இருப்பவன் ஒரு தம்பி மட்டுமே. அவனை வளர்க்கவும் படிக்கவைக்கவும் வேண்டும். வேறு வழி தெரியாத அவள் இரவுகளில் உடலை விற்றுப் பிழைக்கிறாள். அவளிடம் வரும் ஆண்கள் பகலில் மதிப்புக்குரியவர்கள். அவர்களில் ஒருவன் கல்லூரி மாணவன் பாபு. அவன் அவளை மனுஷியாகக் காணத் தொடங்குகிறான். இறுதியில் அவன் அவளை ஏற்றுக்கொள்கிறான்.

இதுதான் கதை. இதில் இரக்கம் இருக்கிறது. ஊரின் போலி மரியாதையைச் சாடும் துணிவும் இருக்கிறது. ஆனால் அந்த இரக்கத்தை எந்தச் சுவரொட்டியும் சொல்லவில்லை. தம்பியின் கைப்பிடித்து நடக்கும் அக்காவின் படத்தை ஒட்டியிருந்தால் கூட்டம் வராது என்று வியாபாரிகள் கணக்குப் போட்டார்கள். சட்டை மட்டும் அணிந்த பெண்ணை ஒட்டினார்கள், கூட்டம் வந்தது. படத்தின் புகைப்படக் கருவியும் அதே குற்றத்திலிருந்து முழுவதும் தப்பவில்லை. அவளுடைய கண்ணீரைக் காட்டவேண்டிய இடத்தில் அவளுடைய உடலைச் சற்று அதிக நேரம் காட்டுகிறது. கதை அவளுக்காகப் பரிந்து பேசுகிறது. காட்சியோ அவளை இன்னொரு முறை விற்கிறது.

இந்தப் படத்தின் வசூலைக் கண்டு, இரக்கத்தை முற்றிலும் கழித்துவிட்டு உடலை மட்டும் வைத்துக்கொண்ட படங்கள் வரிசை வரிசையாக வந்தன. தமிழ்நாட்டின் காலைக் காட்சிகளை அவை நிரப்பின. கடைசியில், அருமையான இலக்கியமும் கலையும் படைத்த ஒரு மொழியின் பெயரே நம் ஊர்களில் ஆபாசத்துக்கு மறுபெயராகிவிட்டது. தேநீர்க் கடையில் அந்தப் பையன் "மலையாளப் படம்" என்று சொல்லித் தலைகுனிந்தானே, அது அந்த வியாபாரத்தின் மிச்சம்தான். சீமாவோ அந்த ஒரு சுவரொட்டியோடு முடிந்துவிடவில்லை. 1984, 1985 ஆகிய இரு ஆண்டுகளிலும் கேரள அரசின் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். நம் ஊர்ச் சுவர்கள் அதை நமக்குச் சொல்லவேயில்லை.

பாயிரம் பாடிய போலீஸ் அதிகாரி

இது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மட்டும் நடந்த கதையல்ல. இங்கிலாந்தில் 1958-இல் "பாஸ்போர்ட் டு ஷேம்" என்றொரு சிறு முதலீட்டுப் படம் வந்தது. பெயரின் பொருள், அவமானத்துக்கு ஒரு கடவுச்சீட்டு. ஆல்வின் ரகாஃப் இயக்கியது. பிரெஞ்சு நாட்டு ஏழைப் பெண் ஒருத்தியை வேலை என்று ஆசைகாட்டி லண்டனுக்குக் கொண்டுவருகிறார்கள். பிரிட்டிஷ் குடியுரிமை கிடைக்கவேண்டும் என்பதற்காகக் கடன்பட்ட ஒரு வாடகைக் கார் ஓட்டுநருக்கு அவளைப் பெயரளவில் மணமுடித்து வைத்து, பின்னர் விபசாரத்தில் தள்ள முயல்கிறது ஒரு கும்பல். அன்றைய கவர்ச்சி நட்சத்திரம் டயானா டார்ஸும் இதில் நடித்தார்.

இந்தப் படத்தின் தொடக்கம் கவனிக்கத்தக்கது. லண்டன் ஸ்காட்லாண்டு யார்டு காவல்துறையில் புகழ்பெற்றிருந்த, ஓய்வுபெற்ற அதிகாரி ராபர்ட் ஃபேபியன் திரையில் தோன்றி, இத்தகைய கொடுமை உண்மையிலேயே நடக்கிறது என்று எச்சரிக்கிறார். அதாவது, முதலில் ஒரு மறையுரை, அதன்பின் வேடிக்கை! எச்சரிக்கையைக் கேட்டோம் என்ற திருப்தியோடு பார்ப்பவன் கண்களைப் பசியாற்றிக்கொள்ளலாம். அறிவுரையைப் போர்வையாக்கி ஆசையை விற்கும் தந்திரம் இது. நம் ஊர்ப் படங்களிலும் இறுதிப் பத்து நிமிடம் நீதி பேசிவிட்டு, அதற்கு முந்திய இரண்டு மணி நேரமும் வேறொன்றைக் காட்டுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

அதே காலத்தில் அந்த நாட்டின் சட்டம் என்ன செய்தது? 1957-இல் உல்ஃபெண்டன் குழுவின் அறிக்கை வந்தது. 1959-இல் தெருக் குற்றங்கள் சட்டம் நிறைவேறியது. தெருவில் நின்ற பெண்களுக்கு அபராதம் கூடியது; அவர்கள் தெருவிலிருந்து அகற்றப்பட்டார்கள். அவர்களைத் தேடி வந்த ஆண்களை அந்தச் சட்டம் தொடவில்லை. கண்ணுக்குத் தெரியாமற்போனால் பாவமே இல்லாமற்போய்விட்டது என்ற எண்ணம் மேல்நாட்டாருக்கும் இருந்தது. என் தாயார் என் தலையைத் திருப்பியதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

எதைக் காட்டலாம்?

அப்படியானால் இத்தகைய அவலத்தைத் திரையில் காட்டவே கூடாதா? கூடாது என்று திருச்சபை சொல்லவில்லை. 1936-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படத்தைப்பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். 1957-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி மூன்றையும்பற்றி எழுதினார். 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள்பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. தீமையைச் சித்திரிப்பதும் மனிதனை ஆழமாக அறியவும் நன்மையின் மாண்பை விளக்கவும் உதவக்கூடும் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது ஆன்மாவுக்குக் கேடு விளைவிக்காதபடி அறநெறிக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது.

நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் இதே சிக்கலைச் சந்தித்தது. எழுத்தாளரும் இயக்குநருமான கே. ஏ. அப்பாஸ் 1968-இல் நான்கு நகரங்களின் கதையாக ஒரு குறும்படம் எடுத்தார். பம்பாய், கல்கத்தா, டில்லி, நம் சென்னை ஆகியவற்றில் மாடமாளிகையும் குடிசையும் அருகருகே நிற்கும் முரண்பாட்டைக் காட்டினார். பம்பாயின் விபசாரத் தெருக் காட்சியும் அதில் இருந்தது. அந்தக் காட்சியை வெட்டினால்தான் எல்லோரும் பார்க்கத்தக்க 'யு' சான்றிதழ் என்றது தணிக்கை. அப்பாஸ் வழக்குத் தொடுத்தார். 1970-இல் தலைமை நீதிபதி இதாயத்துல்லா தலைமையிலான அமர்வு, தணிக்கை என்பது சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே வேளையில், காமத்தைத் தொட்டதாலேயே ஒரு படைப்பு ஆபாசமாகிவிடாது என்றும், கலையோ சமூகப் பயனோ இன்றி வாழ்க்கையை அப்பட்டமாகக் காட்டும்போது சாதாரண ஒழுக்கமுள்ள மனிதன் எங்கே அருவருப்படைகிறானோ அங்கேதான் கோடு கிழிக்கவேண்டும் என்றும் விளக்கியது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே வெட்டின்றிச் சான்றிதழ் தர அரசு ஒப்புக்கொண்டது. பசியால் ஒரு பெண் விற்கப்படுவதைக் காட்டுவது வேறு. அவளைக் காட்டிப் பசியைத் தூண்டுவது வேறு. இந்த வேறுபாடு நம் குடும்பங்களுக்கும் தெரியவேண்டும்.

நம் தமிழில் 1973-இல் கே. பாலசந்தர் எடுத்த "அரங்கேற்றம்" அந்நாளில் பெரும் புயலைக் கிளப்பியது. புரோகிதர் ஒருவரின் பெரிய குடும்பம், வறுமை. மூத்த மகள் வீட்டாருக்குத் தெரியாமல் தன்னையே விற்றுத் தம்பி தங்கைகளைக் கரையேற்றுகிறாள். அவள் அனுப்பும் பணத்தில் குடும்பம் தலைநிமிர்கிறது. பணம் வந்த வழி தெரிந்ததும் அதே குடும்பம் அவளைத் தள்ளிவிடுகிறது. முடிவில் அவள் சித்தம் கலங்கி நிற்கிறாள். குடும்பக் கட்டுப்பாடுபற்றி அப்படம் கூறும் கருத்தைத் திருச்சபையின் போதனையோடு ஒப்பிட்டு நாம் மறுக்கலாம். ஆனால் அது எழுப்பிய ஒரு கேள்வியை மறுக்க முடியாது: அவள் சம்பாத்தியத்தில் உண்டவர்கள் யார்?

நான் ஆற்றிய மறையுரை

இப்போது என் குற்றத்தைச் சொல்லவேண்டும். ஆண்டுகள் பல ஆகிவிட்டன, வேறொரு பங்கு, ஊர் பெயர் வேண்டாம்.

தவக்காலத்து ஞாயிறு ஒன்று. கோவிலுக்கு எதிர்ச் சுவரில் ஆபாசச் சுவரொட்டி ஒன்றை யாரோ ஒட்டிவிட்டிருந்தார்கள். கொதித்துப்போனேன். அன்றைய மறையுரையில் அந்தப் படத்தை வெளுத்து வாங்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிறுவயதில் கேட்ட சொற்கள் வாயில் வந்துவிட்டன. "இவள்கள்" என்றேன். இத்தகையவர்களின் நிழல்கூட நம் வீட்டுப் பிள்ளைகள்மீது படலாகாது என்றேன். மக்கள் தலையசைத்தார்கள். திருப்பலி முடிந்ததும் பெரியவர்கள் சிலர் பாராட்டவும் செய்தார்கள்.

அடுத்த ஞாயிறு முதல், கடைசி வரிசையில் அமரும் ஒரு விதவைத் தாயைக் காணவில்லை. மூன்று வாரங்கள் கழித்து வீடு தேடிச் சென்றேன். ஓலைக் குடிசை. வாசலில் நின்றபடியே பேசினார்கள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஏம்மா கோவிலுக்கு வரலை? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சாமி."

"பின்னே?"

நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "நீங்க திட்டினது படத்தை சாமி. ஆனா ஜனங்க திரும்பிப் பார்த்தது என் பொண்ணை."

அப்போதுதான் உண்மை தெரிந்தது. தூரத்து உறவுக்காரன் ஒருவன் பெருநகரத்தில் துணிக்கடை வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, கையில் சிறு முன்பணமும் கொடுத்து, அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணை அழைத்துப் போயிருக்கிறான். துணிக்கடை இல்லை; பூட்டிய வீடுதான் இருந்தது. ஏழு மாதங்களுக்குப் பின் போலீசார் அந்த வீட்டைச் சோதனையிட்டபோது மீட்கப்பட்டாள். சில காலம் ஒரு காப்பகத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பினாள். திரும்பிய நாளிலிருந்து, தண்ணீர்க் குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். தெரு முனையில் நிற்கும் வாலிபர்கள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அது ஒரு சினிமாவின் பெயர்.

"அவளை அழைச்சிட்டுப் போனவன் எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"இங்கேதான் இருக்கான் சாமி. போன மாசம் கல்யாணத்தில முன் வரிசையில உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் வந்தா யாரும் எழுந்து போகல."

அன்புக்குரியவர்களே, அந்த வாசலில் நான் ஒரு குருவாக நிற்கவில்லை, குற்றவாளியாக நின்றேன். அந்தப் பெண் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. மன்னிப்புக் கேட்டேன். பதில் வரவில்லை. மறு ஞாயிறு, யார் பெயரையும் வீட்டையும் சுட்டாமல், முந்திய மறையுரையில் நான் தவறாகப் பேசினேன் என்று பீடத்திலிருந்தே அறிவித்தேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. தாய் சில மாதங்களில் மீண்டும் கோவிலுக்கு வந்தார்கள். மகள் வரவேயில்லை. இன்று அவள் வேறோர் ஊரில் தையல் வேலை செய்து நேர்மையாகப் பிழைக்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். நம் கோவில் வாசலை அவள் மிதிப்பதில்லை. அதற்கு நானும் ஒரு காரணம்.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

இந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்காகப் போராடிய பெருமக்கள் நம் மண்ணில் உண்டு. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் தேவதாசி மரபில் வந்தவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான முத்துலட்சுமி, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். அதிலிருந்து தப்பிவந்த சிறுமியருக்குப் புகலிடமாக அவ்வை இல்லத்தை நிறுவினார். அதே கொடுமையிலிருந்து மீண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் ஒரு நாவலே எழுதி அதன் சூழ்ச்சிகளை அம்பலப்படுத்தினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. இவர்கள் யாரும் அந்தப் பெண்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

நாடு முழுவதற்குமான சட்டம் 1956-இல் வந்தது. 1986-இல் திருத்தப்பட்டு ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. விபசார விடுதி நடத்துவது, அந்த வருமானத்தில் வாழ்வது, ஆளை ஏமாற்றிக் கொண்டுபோவது ஆகியவை கடுங்குற்றங்கள். ஆனால் பொது இடத்தில் அழைத்ததாகப் பிடிபடும் பெண்ணுக்கு முதல் முறையே ஆறு மாதம்வரை சிறை விதிக்கலாம். அதே குற்றத்தை ஓர் ஆண் செய்தால் ஏழு நாளுக்குக் குறையாமலும் மூன்று மாதத்துக்கு மேற்படாமலும் தண்டனை. தராசின் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். 2022 மே 19-இல் உச்ச நீதிமன்றம், இத்தொழிலில் சிக்கியவர்களும் மனித மாண்போடு வாழும் உரிமை பெற்றவர்களே என்றும், காவல்துறை அவர்களைக் கண்ணியமாக நடத்தவேண்டும் என்றும் வழிகாட்டியது. அந்தத் தொழில் சரியென்று ஏற்பதாக இதற்குப் பொருளில்லை. அதில் அகப்பட்டவள் மனுஷி என்பதே பொருள்.

திருத்தந்தை பிரான்சிஸ் இதைச் செயலில் காட்டினார். 2016 ஆகஸ்டில், விபசாரக் கும்பல்களிடமிருந்து மீட்கப்பட்ட இளம் பெண்கள் இருபது பேரை உரோமையில் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கே சென்று சந்தித்தார். அவர்களிடம் மன்னிப்பும் கேட்டார். சூடானில் அடிமையாக விற்கப்பட்டுப் புனிதையாக உயர்ந்த ஜோஸ்பின் பகித்தாவின் திருநாளான பிப்ரவரி 8, மனித வணிகத்துக்கு எதிரான செப நாளாக 2015 முதல் அனுசரிக்கப்படுகிறது. அந்நாளில் நம் பங்குகளில் ஒரு செபமாலையாவது சொல்லக் கூடாதா?

நம் வீடுகளில் செய்யவேண்டியது

இன்று கீற்றுக் கொட்டகை இல்லை. சுவரொட்டி ஒட்டுபவனைத் துரத்தியடிக்கவும் வழியில்லை. கொட்டகை பிள்ளையின் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. 2023-இல் திரைப்படச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர் வழிகாட்டுதலுக்குரிய படங்களுக்கு 7, 13, 16 என்று வயது வரம்புகள் குறிக்கப்பட்டன. ஆபாசம் பரப்பியதாக 2024 மார்ச்சில் 18 ஓ.டி.டி. தளங்களை மத்திய அரசு முடக்கியது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். ஆனால் எந்தச் சட்டமும் தந்தையின் இடத்தில் வந்து உட்காராது.

தந்தையரே, மகனிடம் "பார்க்காதே" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "அதில் நிற்கும் பெண்ணுக்கும் ஒரு தம்பி இருக்கலாம், அவளை அங்கே நிறுத்தியவன் யார், அதில் சம்பாதிப்பவன் யார் என்று யோசி" என்று சொல்லிக்கொடுங்கள். அந்தக் கேள்வி மனத்தில் விழுந்த பையன் அதே கண்ணோடு மறுபடி பார்க்கமாட்டான். விலை கொடுப்பவன் இல்லாத இடத்தில் விற்பவனுக்கு வேலை இல்லை. அந்த விலையைக் கொடுப்பவர்கள் வேற்றுலகத்தார் அல்லர். யாரோ ஒரு தாய் வளர்த்த பிள்ளைகளே.

தாய்மாரே, நம் வட்டாரத்தில் பெருஞ்சாலையும் தொழிற்சாலைகளும் வந்தபின் பெண் பிள்ளைகள் வேலைக்குப் போவது பெருகியிருக்கிறது. அது நல்லதே, அச்சத்தால் அவர்களை வீட்டில் பூட்டிவைக்க வேண்டாம். ஆனால் முன்பணம் கொடுத்து அவசரப்படுத்துகிறவனிடம் எச்சரிக்கை தேவை. அவன் உறவினனாயிருந்தால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். நிறுவனத்தின் பெயர், விலாசம், தங்குமிடம் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். குடும்பத்தில் ஒருவர் நேரில் சென்று பார்த்துவிட்டு வரட்டும். பெண்ணின் கைபேசியையும் ஆதார் அட்டையையும் பிறர் வாங்கி வைத்துக்கொள்ள விடாதீர்கள். ஐயம் தோன்றினால் தயங்கவேண்டாம்: பெண்களுக்கான உதவி எண் 181, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 1098, அவசரத்துக்கு 112. இந்த எண்களைச் செபப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தப்பித் திரும்பி வருகிறவளுக்கு உங்கள் குடத்தை நகர்த்தி இடம் கொடுங்கள். அவளை அழைத்துப்போனவன் பந்தியில் அமர்ந்தால், எழுந்திருக்கவேண்டிய நேரம் அதுதான்.

பரிசேயன் சீமோன் வீட்டு விருந்து உங்களுக்கு நினைவிருக்கும். ஊரறிந்த பாவியான ஒரு பெண் இயேசுவின் காலடியில் வந்து அழுதாள். எப்படிப்பட்டவள் இவள் என்று சீமோன் தன் மனத்துக்குள் சொல்லிக்கொண்டான். இயேசுவோ அவளை நோக்கித் திரும்பி, அவளை உண்மையிலேயே பார்க்கிறாயா என்ற பொருள்பட அவனிடம் கேட்டார். சீமோன் பார்த்தது ஒரு சுவரொட்டியை. ஆண்டவர் பார்த்தது ஒரு பெண்ணை.

மழை விட்டதும் அந்தத் தேநீர்க் கடைப் பையனும் நானும் ஏரிப் பக்கமாகச் சிறிது தூரம் நடந்தோம். "படத்தில் அவளுக்கு ஒரு தம்பி உண்டு, கவனித்தாயா?" என்று கேட்டேன். "இல்ல சாமி, அதெல்லாம் ஓட்டிவிட்டுட்டோம்" என்றான். சற்று நேரம் பேசாமல் வந்தான். பிறகு, "என்னை மாதிரி பையனா சாமி?" என்று கேட்டான்.

"உன்னைவிடச் சின்னவன்" என்றேன்.

அவனுக்கு ஓர் அக்காள் உண்டு. தொழிற்சாலைப் பேருந்திலிருந்து அவள் இறங்கும் நேரம் அது. குடை ஒன்றுதான் இருந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு நிறுத்தத்தை நோக்கி ஓடினான்.